பார்க்க மட்டும் அனுமதி

கல்லூரி ஆபீசில் வேலைக்கு வந்து சேரச் சொல்லி எனக்குக் கடிதம் வந்தபோது புரட்டாசி முடிந்து மழை ஆரம்பித்திருந்தது. செங்கல்பட்டில் எங்கள் வீட்டிலிருந்து அந்தக் கல்லூரி நடந்து போகிற தூரம். நானோ ஏழு வருஷமாக விடிகாலையில் எழுந்து சோறு வடித்து, பஸ் பிடித்து, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போய், அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் கடற்கரையோரம் இருக்கிற ஒரு ரிசார்ட்டுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள். ரூம் புக்கிங் பார்க்கிற வேலை. கம்பெனி பஸ் ஓட்டுகிற என் வீட்டுக்காரர் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். "இனிமே காலைல ரெண்டு பேரும் ஒண்ணா குந்தி நாஸ்தா துன்னலாம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஆனால் அன்று முழுக்க முகம் தெளிவாக இருந்தது.

மறுநாள் ராஜினாமாக் கடிதத்தை மேனேஜர் மேஜையில் வைத்தேன். அவர் அதைப் படிக்கவில்லை, ஓரமாகத் தள்ளினார்.

"உன் லாகின்லதானே அது ஓடிக்கினு இருக்கு? நீ போயிட்டா அது எதுல ஓடும்?"

'அது' என்று அவர் சொன்னது எங்கள் ஏ.ஐ. ஏஜென்ட்டை. ஓட்டல் தொழிலில் ஏஜென்ட் என்றால் டூரிஸ்ட்டுகளைக் கூட்டிவந்து கமிஷனுக்கு நிற்கிற ஆள். அதனால் இதை எல்லோரும் மெஷின் ஏஜென்ட் என்றோம். விருந்தாளிகள் வாட்ஸப்பில் எதைக் கேட்டாலும் அதுவே பதில் சொல்லும். ரூம் காலி இருக்கிறதா என்று பார்க்கும், புக் பண்ணும், காலைச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்று சொல்லும். தமிழில் கேட்டால் தமிழ், பிரெஞ்சில் கேட்டால் பிரெஞ்சு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், பழைய மேனேஜர் காலத்தில், அதை எங்கள் கம்ப்யூட்டரோடு இணைத்தார்கள். அதற்கென்று தனியாக ஒரு லாகின் உண்டாக்க வேண்டும் என்றார்கள். பழைய மேனேஜருக்கு அன்றைக்கு ஏதோ அவசரம். "இப்போதைக்கு உன்னுடையதைக் குடும்மா, அப்புறம் மாத்திக்கலாம்" என்றார். கொடுத்தேன். என்னுடையது சூப்பர்வைசர் லாகின். அதில் தெரிவது எந்த ரூம் காலி என்பது மட்டும் இல்லை. எந்த ரூமில் யார், யாரோடு, அவர்கள் போன் நம்பர், ஆதார் நகல், பாஸ்போர்ட் நகல் எல்லாம் தெரியும். எனக்குத் தெரிந்ததெல்லாம் அதற்கும் தெரியும் என்று ஆயிற்று. அது செய்கிற வேலையெல்லாம் என் பெயரில் பதிவாகும். ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்த நேரத்தில் என் பெயரில் நாலு ரூம் புக் ஆகியிருக்கும். முதலில் எனக்கு அது சிரிப்பாகத்தான் இருந்தது.

பழைய மேனேஜர் வளைகுடாவில் ஒரு ஓட்டலுக்குப் போய்விட்டார். கம்ப்யூட்டரின் தலைமைச் சாவி, அதாவது புது லாகின் உண்டாக்குகிற அதிகாரம், அவர் பெயரிலேயே இருந்துவிட்டது. ஓ.டி.பி. அவர் போனுக்குத்தான் போகும். புதிதாக வந்த மேனேஜருக்கும் அவருக்கும் வேறொரு ஓட்டலில் ஒன்றாக வேலை செய்த காலத்திலிருந்தே ஆகாது. ஒரு போன் பண்ணிக் கேளுங்கள் சார் என்று நான் சொன்ன ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான். "அவன்கிட்ட போய் நான் கேக்கறதா? போய் வேலையப் பாரு."

நான் ராஜினாமா கொடுத்த அதே மாதத்தில்தான் அந்தச் சோதனையும் வந்தது. எங்களுக்கு ஆட்களை அனுப்புகிற வெளிநாட்டு டூர் கம்பெனி ஒன்று ஒரு நிபந்தனை போட்டது. தாங்கள் அனுப்புகிற ஆட்களின் விவரங்களைத் தொடுகிற ஏ.ஐ. எதுவானாலும் அதைத் தினமும் ஒரு வெளி ஆள் சோதிக்க வேண்டும் என்று. அதற்கு ஒரு கம்பெனியை அமர்த்தினார்கள். அங்கிருந்து ஒருவர் வீடியோவில் வந்து விளக்கினார். பொறுமையான குரல்.

"தினமும் காலைல ஆறு மணிக்கு எங்க புரோகிராம் தானா வந்து பாக்கும் மேடம். ஏஜென்ட் யாரோட லாகின்ல ஓடுது, எதையெல்லாம் பாக்க முடியுது, அவ்வளவும் அதுக்குத் தேவையா, செய்யறதெல்லாம் பதிவாகுதா. பாத்துட்டு ரிப்போர்ட் அனுப்பும். அவ்வளவுதான். எங்களுக்குப் பாக்க மட்டும்தான் அனுமதி. எதையும் மாத்த மாட்டோம், நிறுத்த மாட்டோம்."

முதல் ரிப்போர்ட் வந்தபோது நான் பஸ்ஸில் இருந்தேன். சிவப்பில் இரண்டு வரி. ஏஜென்ட் ஒரு ஊழியரின் சொந்த லாகினில் ஓடுகிறது. அதன் வேலைக்குத் தேவைப்படாத விருந்தாளி விவரங்களை அதனால் படிக்க முடிகிறது. பொறுப்பாளர் என்ற இடத்தில் என் பெயர். கீழே ஒரு பொத்தான்: 'பார்த்தேன்'.

எனக்கு மனசுக்குள் ஒரு நிம்மதி. இத்தனை நாளாக நான் வாயால் சொன்னதை யாரோ எழுத்தில் சொல்லிவிட்டார்கள். அச்செடுத்துக்கொண்டு போய் மேனேஜரிடம் நீட்டினேன்.

"செகப்புல வந்தா பயந்துடுவியா? சீசன் முடியட்டும், பாத்துக்கலாம்" என்றார்.

"சார், என் ரிலீவிங் லெட்டர்?"

"ரிப்போர்ட்லயே நீதான் பொறுப்புன்னு போட்டிருக்கே. அது மாறாம நான் எப்படி உன்னை ரிலீவ் பண்றது?"

என் பெயர் மாற வேண்டும் என்றால் புது லாகின் வேண்டும். புது லாகினுக்குத் தலைமைச் சாவி வேண்டும். அது இருக்கிற ஆளிடம் இவர் பேச மாட்டார். பேசாதவரை நான் போக முடியாது. இதை எங்கள் வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "அப்ப அந்த ஆளு பேசறது ஒண்ணுதான் பாக்கி" என்றார். ஆமாம், அது ஒன்றுதான் பாக்கி.

இதற்கு நடுவில் அந்த ஏஜென்ட் என் போனையும் கட்டிப்போட்டு வைத்திருந்தது. ஒரு நாளைக்கு இரண்டு தடவையாவது லாகின் அறுந்துவிடும். என் போனுக்கு ஓ.டி.பி. வரும். ஐந்து நிமிஷத்துக்குள் நான் அதை அடிக்காவிட்டால் ஏஜென்ட் நின்றுவிடும், மேனேஜர் போன் வந்துவிடும். மதுராந்தகத்தில் என் தங்கை முறை ஒருத்திக்குக் கல்யாணம். தாலி கட்டுகிற நேரத்தில் எல்லோர் கையிலும் அட்சதை, என் கையில் போன். மேளச் சத்தத்துக்கு நடுவில் ஆறு எண்ணை அடித்துவிட்டு நிமிர்ந்தால் கட்டி முடித்துவிட்டார்கள். "ஒனக்கு லீவு குட்த்தாலும் அதுக்குக் குடுக்க மாட்டானுங்க போல" என்றார் வீட்டுக்காரர். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

சோதனைக் கம்பெனிக்காரருக்கு நானே போன் செய்தேன். துணி அலமாரி இருக்கிற அறைக்குள் போய் நின்று பேசினேன்.

"தினமும் பாக்கறீங்க இல்ல சார். தப்புன்னு தெரியுது இல்ல. நீங்களே அதை நிறுத்திடக் கூடாதா?"

"முடியாது மேடம். மாத்தற சாவி எங்ககிட்ட இருந்தா, அதை எவனாவது திருடினா உங்க ஓட்டல் மட்டும் இல்ல, நாங்க பாக்கற அத்தனை எடமும் தெறந்துடும். அதனாலதான் நாங்க அதை வாங்கறதே இல்ல."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனாலேயே எரிச்சல் அதிகமானது. போனை வைக்கப் போனேன். அவர் கொஞ்சம் தயங்கி, "ஒண்ணு சொல்லவா மேடம்? உங்க பாஸ்வேர்டை நீங்க மாத்திக்கலாம். அதுக்கு யார் அனுமதியும் வேணாம். மாத்தினா அந்த நிமிஷமே ஏஜென்ட் நின்னுடும்" என்றார்.

எனக்கு அது தோன்றாமல் இல்லை. மேனேஜருக்கும் தோன்றியிருந்தது. முந்தின வாரமே சொல்லிவிட்டார், குரலை உயர்த்தாமல்: "சீசன் நேரத்துல அது நின்னுச்சுன்னு வெச்சுக்கோ, வேணும்னே வேலையக் கெடுத்துட்டுப் போனாள்னு ரிலீவிங் லெட்டர்ல எழுதிடுவேன்." அப்படி ஒரு கடிதத்தோடு எந்தக் கல்லூரியில் சேர்ப்பார்கள்? பொங்கல் வரைக்கும் காத்திருப்பதாகக் கல்லூரியில் சொல்லியிருந்தார்கள். அதற்குள் எப்படியும் முடிந்துவிடும் என்று நினைத்தேன். தினமும் காலையில் பஸ்ஸில் ரிப்போர்ட் வரும். சிவப்பு இரண்டு வரி. 'பார்த்தேன்' என்று அழுத்துவேன். கொஞ்ச நாளில் படிக்காமலே அழுத்தினேன்.

மார்கழியில் ஒரு பெண் தனியாக வந்து தங்கினார். முப்பது வயசு இருக்கும். ஒரே ஒரு பை. கடல் பக்கத்துக் காட்டேஜ் ஒன்றைக் கொடுத்தேன். படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவைத் திருப்பித் தரும்போது மெதுவாகச் சொன்னார்: "என்னைக் கேட்டு யார் போன் பண்ணாலும் இல்லைன்னு சொல்லிடுங்க." சரிம்மா என்றேன். கவுண்டரில் எல்லோரிடமும் சொல்லிவைத்தேன். மெஷினிடம் யாரும் சொல்லவில்லை. எனக்கும் அந்த நினைப்பு வரவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம், சாப்பாட்டு நேரம் முடிந்து லாபி காலியாக இருந்தது. ஒரு கார் வந்து நின்றது. இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையோடு ஒருத்தர் இறங்கி வந்தார். கையில் கேக் பெட்டி.

"ஏழாம் நம்பர் காட்டேஜ்ல என் வைஃப் இருக்காங்க. பர்த்டே. சர்ப்ரைஸா குடுக்கணும், எந்தப் பக்கம் போகணும்?"

"அப்படி யாரும் இல்லையே சார்" என்றேன்.

அவர் சிரித்தார். கோபப்படவில்லை. போனை எடுத்து என் முன்னால் வைத்தார். எங்கள் ஓட்டலின் வாட்ஸப். முதலில் மனைவியின் ரூம் நம்பர் கேட்டிருந்தார். விருந்தாளிகளின் விவரங்களைத் தர இயலாது என்று ஏஜென்ட் மரியாதையாகச் சொல்லியிருந்தது. அப்புறம் வேறு மாதிரி கேட்டிருந்தார். நான் டாக்சி டிரைவர், இந்தப் போன் நம்பர் மேடத்தைக் கூட்டிப்போகச் சொல்லியிருக்கிறார்கள், எந்தக் காட்டேஜ் வாசலில் வண்டியை நிறுத்தட்டும் என்று. அதற்குப் பதில் போயிருந்தது. காட்டேஜ் நம்பர், கடல் பக்க வழி, அந்தப் பெண் வெள்ளிக்கிழமை வரை தங்குகிறார் என்பது வரை. நடுவில் ஒரு புன்னகைப் படம் வேறு.

அந்தப் பதிலை எழுதியது நான் இல்லை. ஆனால் என் கண் வழியாகத்தான் அது அந்தப் பெண்ணைப் பார்த்திருந்தது.

"ஒரு நிமிஷம் சார். உள்ள விடறதுக்கு முன்னால போன் பண்ணிக் கேக்கணும், ரூல்" என்று இன்டர்காமை எடுத்தேன். விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னேன்.

"தனியாவா வந்திருக்காரு?" என்றார் அந்தப் பெண்.

"ஆமாம்."

"கதவைப் பூட்டிட்டேன். எனக்கு வெளில வர்றதுக்கு வழி இல்லையே மேடம். எல்லாம் உங்க லாபி வழியாதானே?"

உண்மைதான். காட்டேஜ்களிலிருந்து வெளியே வர லாபி ஒன்றுதான் வழி. கடல் பக்கம் ஒரு சின்னக் கேட் உண்டு. எப்போதும் சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கும். அந்தச் சாவி செக்யூரிட்டி அக்காவிடம் இருந்தது. பக்கத்துக் குப்பத்துக்காரர். நான் போனை வைத்துவிட்டு, "சாருக்கு ஒரு காபி சொல்லுக்கா" என்று அவரைக் கூப்பிட்டு, அருகில் வந்ததும் குனிந்து சொன்னேன். அக்கா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அந்த ஆளை ஒரு தடவை பார்த்தார், அவ்வளவுதான்.

"காபிதானே? இதோ வந்துகினே கீது சார், குந்துங்க" என்று சொல்லிக்கொண்டே கிச்சன் பக்கம் போனார்.

நான் கவுண்டரை விட்டு நகர முடியாது. நகர்ந்தால் அவரும் நகர்வார். "பார்வையாளர் படிவம் ஒண்ணு நிரப்பணும் சார்" என்றேன். அப்படி ஒரு படிவமே கிடையாது. விருந்தாளிகளின் படிவத்தையே எடுத்து நீட்டினேன். ஐ.டி. கேட்டேன். கொடுத்தார். ஜெராக்ஸ் மெஷினில் பேப்பர் இல்லை என்று சொல்லி, இருந்த பேப்பரை எடுத்துவிட்டு, மறுபடி வைத்தேன். காபி நிஜமாகவே வந்தது. அவர் குடித்தார். கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஐ.டி.யைக் கையில் கொடுக்காமல் மேஜையில் வைத்தேன்.

கால் மணி நேரம் இருக்கும். "போதும்மா" என்று எழுந்து உள்ளே நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். அவர் கதவைத் தட்டினார், அப்புறம் இடித்தார், அப்புறம் காலால் உதைத்தார். தோட்டக்காரர்கள் இரண்டு பேர் வந்து பிடித்தார்கள். அதற்குள் செக்யூரிட்டி அக்கா அந்தப் பெண்ணை மணல் வழியாகக் குப்பத்துக்குக் கூட்டிப்போய், தன் அண்ணன் மகன் ஆட்டோவில் தானும் கூட ஏறிக்கொண்டு, மாமல்லபுரம் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் இறங்கியிருந்தார். செருப்பு போடக்கூட நேரமில்லாமல் அந்தப் பெண் வெறுங்காலோடு போனதாக அக்கா பின்னால் சொன்னார்.

போலீஸ் வந்தது. அந்த ஆளைக் கூட்டிப்போனார்கள். அதோடு முடியவில்லை. சப்-இன்ஸ்பெக்டர், ரூம் நம்பரை யார் சொன்னது என்று கேட்டார். பதிவை அச்செடுத்துக் கொடுத்தோம். அதில் என் பெயர் இருந்தது.

"உங்க பேருதானேம்மா போட்டிருக்கு?"

"நான் இல்ல சார், மெஷின்."

"மெஷினுக்கு உங்க பேர வெச்சது யாரு?"

மேனேஜர் பக்கத்தில்தான் நின்றிருந்தார். தன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சோதனைக் கம்பெனிக்காரரைப் போனில் பிடித்தேன். அரை மணி நேரத்தில் எல்லா ரிப்போர்ட்டையும் அனுப்பிவைத்தார். தினமும் காலை, ஒரு நாள்கூட விடாமல், அதே இரண்டு வரி. எனக்கும் மேனேஜருக்கும் அனுப்பியது என்று ஒவ்வொன்றிலும் இருந்தது. நான் அந்தத் தாள்களைப் பிடித்துக்கொண்டு நின்றபோது காப்பாற்றப்பட்டுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். சப்-இன்ஸ்பெக்டர் கடைசிப் பத்தியைப் படித்தார். 'பார்த்தேன்' என்று அழுத்தியவர் யார் என்பதும் அதில் பதிவாகியிருந்தது. மேனேஜர் ஒன்றைக்கூடத் திறக்கவில்லை. திறந்து பார்த்து அழுத்தியவள் நான் ஒருத்திதான்.

"தெரிஞ்சிருக்கு உங்களுக்கு" என்றார். திட்டுகிற குரல் இல்லை. எழுதிக்கொள்கிறவர் குரல்.

தெரிந்துதான் இருந்தது. பாஸ்வேர்டை மாற்ற எனக்கு ஒரு நிமிஷம் போதும். ஒரு கடிதத்துக்குப் பயந்து நான் அந்த ஒரு நிமிஷத்தைத் தள்ளிக்கொண்டே போனேன். மேனேஜர் மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் இந்த இடத்துக்கு வரும்போது அது தேய்ந்துவிடுகிறது.

வாக்குமூலம் எழுத என்னையும் மேனேஜரையும் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே பெஞ்சில் உட்கார்ந்தபடி, போனில் என் பாஸ்வேர்டை மாற்றினேன். மேனேஜரிடம் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர் போன் அடிக்க ஆரம்பித்தது. விருந்தாளிகளுக்குப் பதில் போகவில்லை என்று. அவர் என்னைப் பார்த்தார். சப்-இன்ஸ்பெக்டர் எதிரில் ஒன்றும் சொல்ல முடியவில்லை. வெளியே மரத்தடிக்குப் போய், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பழைய மேனேஜருக்குப் போன் போட்டார். "நல்லா இருக்கியா மச்சான்" என்று தொடங்கிய பேச்சு. ஓ.டி.பி. வந்தது. புது லாகின் உண்டானது. ரூம் காலியா இல்லையா என்பது மட்டும் தெரிகிற லாகின். எல்லாம் சேர்த்துப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும்.

அந்தப் பெண் தன் புகாரில், கவுண்டரில் இருந்தவரும் செக்யூரிட்டியும்தான் தன்னை வெளியே அனுப்பினார்கள் என்று எழுதிக்கொடுத்திருந்தார். அதனால் என்னிடம் வாக்குமூலம் வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்கள். மறுநாள் காலை ரிப்போர்ட்டில் இரண்டு வரியும் பச்சை. பஸ்ஸில் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், பொத்தானை அழுத்தாமல்.

கல்லூரிக்குப் பொங்கல் கழித்துத்தான் போக முடிந்தது. விசாரணை முடிகிறவரை ஊழியர் யாரையும் ரிலீவ் செய்யக் கூடாது என்று முதலாளி சொல்லிவிட்டார். எனக்கு வரவேண்டிய நாற்காலியில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தார். ஆபீஸ் கண்காணிப்பாளர் எனக்காக வருத்தப்பட்டார், டீ வாங்கிக்கொடுத்தார். வீட்டுக்கு வந்து சொன்னேன். வீட்டுக்காரர் மறுநாளைக்கு என் டிபன் பாக்ஸைக் கழுவி வைத்தார்.

இப்போதும் அங்கேதான் வேலை செய்கிறேன். ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. ரிப்போர்ட்டைப் பஸ்ஸில் அழுத்துவதில்லை. மேனேஜர் அறைக்குப் போய், அவர் படிக்கிறவரை நிற்பேன். அவர் பொத்தானை அவரே அழுத்த வேண்டும். முதல் வாரம் முறைத்தார். இப்போது பழகிவிட்டார்.

சித்திரையில் ஒருநாள் கவுண்டருக்கு ஒரு போன் வந்தது. அந்தப் பெண்ணின் குரல் என்று உடனே தெரிந்துவிட்டது. எப்படி இருக்கீங்கம்மா என்றேன்.

"என் பேரு, நம்பரு எல்லாத்தையும் உங்க கம்ப்யூட்டர்லேருந்து அழிச்சிட முடியுமா மேடம்?"

"முடியாதும்மா. தங்கினவங்க விவரத்தை வெச்சிருக்கணும்னு இருக்கு. கேஸ் வேற நடக்குது."

"அந்த மெஷினுக்குத் தெரியுமா?"

"தெரியாது. இப்ப அதால பாக்க முடியாது. தினமும் சோதிக்கறாங்க."

"யாருக்கெல்லாம் தெரியும்?"

அன்றைய ரிப்போர்ட்டைத் திறந்து பார்த்துச் சொன்னேன். "மேனேஜருக்கு. எனக்கு. இன்னொரு கவுண்டர் ஆளுக்கு. மூணு பேர்."

பின்னால் எங்கோ பஸ் ஹாரன் கேட்டது. எந்த ஊரிலிருந்து பேசுகிறார் என்று நான் கேட்கவில்லை.

"நீங்க அங்கயேதானே இருப்பீங்க?" என்றார்.

"இருப்பேம்மா" என்றேன்.

மதுராந்தகத்தில் ஒரு ஆபீசுக்கு எழுதிய விண்ணப்பம் அப்போது என் பைக்குள் இருந்தது. அன்று மத்தியானம் தபாலில் சேர்க்கலாம் என்று எடுத்துவந்திருந்தேன். சாயங்காலம் அதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோனேன்.